முட்டி வலின்னு வேலூர் போறீங்களா? தேய்மானம்தானான்னு உறுதி பண்றதுக்கு நாங்க அலைஞ்சு கத்துக்கிட்ட வழி

எங்க அம்மாவுக்கு 61 வயசு, ஊரு குடியாத்தம் பக்கம். முப்பது வருஷத்துக்கு மேல பீடி சுத்துனவங்க. போன ஆடி மாசம் வலது முட்டில வலி ஆரம்பிச்சுது. அது ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ்தான், அதான் நம்ம பக்கம் மூட்டுத் தேய்மானம்னு சொல்றோமே அதுதான்னு உறுதியா தெரியிறதுக்குள்ள தீபாவளி தாண்டிடுச்சு, நாலு மாசம். கைக்காசு 14,700 ரூபா போச்சு. கணக்கு எழுதி வச்சிருக்கேன், கீழ சொல்றேன், அதுல முக்காவாசி தெண்டம். ஒழுங்கா போயிருந்தா ரெண்டு நாள் வேலை. நான் டாக்டர் கிடையாது, பையனா கூட அலைஞ்சவன் அவ்ளோதான், அதனால மருந்து மாத்திரை எது போடலாம்னு எங்கிட்ட கேக்காதீங்க. எங்க போறது, என்ன எடுத்துனு போறது, எந்த டெஸ்டுக்கு எப்ப காசு குடுக்கிறது, எதுக்கு குடுக்கவே கூடாது, இது மட்டும்தான் இதுல.

1. மொதல்ல அந்த 'தேய்மானம்'ங்கிற வார்த்தைய சரி பண்ணிக்குங்க

இந்த ஒரு வார்த்தை எங்கள ரெண்டு தடவ கவுத்துச்சு.

மொத தடவ எப்படின்னா, நம்ம ஊர்ல 'எலும்பு தேய்மானம்'னு ரெண்டு வேற வேற நோயையும் ஒரே பேர்ல சொல்றாங்க. ஒண்ணு ஆஸ்டியோபோரோசிஸ், எலும்பு உள்ளுக்குள்ள வலு கொறஞ்சு லேசா விழுந்தாலே உடைஞ்சு போறது, உடையிற வரைக்கும் பெரும்பாலும் வலியே தெரியாது, அதுக்கு டெக்ஸான்னு தனி ஸ்கேன். இன்னொண்ணு ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ், இது மூட்டுல வர்றது, வலிக்கும், புடிச்சுக்கும். தெருவுல ஒரு அக்கா சொன்னாங்கன்னு அம்மா மூணு மாசம் கால்சியம் மாத்திரை வாங்கி முழுங்கிட்டு முட்டி சரியாவலையேன்னு உக்காந்திருந்தாங்க. கால்சியம் இந்த மூட்டு வலிக்கு மருந்து இல்லன்னு அப்பால டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது.

ரெண்டாவது தடவ இன்னும் மோசம். தேய்மானம்னு காதுல விழுந்ததும் அம்மா மனசுல சைக்கிள் டயர் மாதிரி ஒரு கணக்கு போட்டுக்கிட்டாங்க, ஓட்ட ஓட்ட தேயும்ல, அப்ப நடக்காம இருந்தா மிச்சமாகும்ல. கடைக்குப் போறத நிறுத்துனாங்க, கோயிலுக்குப் போறத நிறுத்துனாங்க, கேட்டா "இருக்கிறதாவது இருக்கட்டும்டா"ன்றாங்க. நாலு மாசத்துல தொடை சதை கண்ணுக்குத் தெரியுற மாதிரி வத்திப் போச்சு. முட்டிக்கு வர்ற சுமையில பெரிய பங்கு தாங்குறதே அந்த முன்தொடை சதைதான், அது வத்துனா மொத்தமும் மூட்டு மேல விழும், வலி கூடும், கூடுனா இன்னும் நடக்க மாட்டாங்க. அதோட, எலும்பு முனையில வழுவழுன்னு இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாதாம். மூட்டுக்குள்ள இருக்கிற தண்ணில இருந்துதான் அதுக்குச் சத்து போவணும், கால மடக்கி நீட்டி, அழுத்தம் விழுந்து விலகுனாத்தான் அது உள்ள போவும். டயருக்கு இந்த வேலை எல்லாம் இல்ல. அதனால வீட்ல யாருக்காவது முட்டி வலின்னா டெஸ்ட் எடுக்கிறதுக்கு முன்னாடியே இத சொல்லிடுங்க, நடக்க முடியுற அளவு நடக்கட்டும்.

ஏன் வருதுன்னு சுருக்கமா. குருத்தெலும்பு மெலிஞ்சு போறது, பக்கத்துல எலும்பு முள்ளு மாதிரி வளர்றது, மூட்டச் சுத்தி இருக்கிற சவ்வு அப்பப்ப வீங்குறது, இதெல்லாம் சேர்ந்ததுதான் இந்த நோய். வயசு ஒரு காரணம். பொம்பளைங்களுக்கு அதிகம், மாசவிலக்கு நின்ன பிறகு இன்னும் அதிகம். உடம்பு எடை. எப்பவோ வண்டில விழுந்து முட்டி ஜவ்வு கிழிஞ்சிருந்தா அதுவும். கால் வில்லு மாதிரி வளைஞ்சிருந்தா உள்பக்கமே சுமை விழுந்துனே இருக்கும். குடும்பத்துல இருந்தா. அப்பால வேலை: கல்லு செங்கல் தூக்குறது, குந்தி குந்தி எந்திரிக்கிறது, வருஷக்கணக்கா முட்டி போட்டு வேலை செய்றது. வாயு, உருளைக்கிழங்கு, மழையில நனைஞ்சதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, தலைய ஆட்டிட்டு வந்துடுங்க. எடை விஷயம் மட்டும் மனசுல வைங்க, ஒரு கிலோ கொறச்சா நடக்கறப்ப ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழுற சுமை கிட்டத்தட்ட நாலு கிலோ கொறையுதுன்னு கணக்கு பாத்திருக்காங்க.

2. ரெண்டு வாரம் ஒரு நோட்டுல எழுதுங்க

செலவு பத்து ரூபா நோட்டு. எங்களுக்கு எம்ஆர்ஐய விட இதுதான் உதவுச்சு. என்னென்ன எழுதணும்னா:

காலைல எந்திரிச்சதும் முட்டி இறுக்கமா இருக்கா, அது எத்தன நிமிஷத்துல விடுது. இது ரொம்ப ரொம்ப முக்கியம், கடிகாரம் பாத்து எழுதுங்க, 'கொஞ்ச நேரம்'னு எழுதாதீங்க. அரை மணிக்குள்ள விட்டுட்டா ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் பக்கம் சாயும், ஒரு மணி நேரத்துக்கும் மேல இழுத்தா முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) மாதிரி வேற ஏதாவதான்னு டாக்டர் யோசிப்பாரு.

எதுல வலிக்குது. படி ஏறுறப்பவா எறங்குறப்பவா, கீழ உக்காந்து எந்திரிக்கிறப்பவா, பஸ் படில கால் வைக்கிறப்பவா, இந்தியன் டாய்லெட்லயா. உக்காந்தா கொறையுதா. ராத்திரி தூக்கத்துல வலி எழுப்புதா. வீங்குதா. நடுவுல முட்டி 'லாக்' ஆகி மடக்க நீட்ட முடியாம போவுதா, இல்ல டக்குனு மடங்கி விழுற மாதிரி ஆவுதா. வேற எந்த மூட்டு வலிக்குது, குறிப்பா கைவிரல், எந்த கணு.

நாங்க இத எழுதுறதுக்கு முன்னாடி ரெண்டு டாக்டர பாத்துட்டோம். ரெண்டு இடத்துலயும் அம்மா "ஒண்ணும் இல்ல சார், லேசா வலி"ன்னு முடிச்சுட்டாங்க. வீட்ல ராத்திரி பூரா அய்யோ அம்மான்றவங்க டாக்டர பாத்ததும் இப்படித்தான் ஆயிடுறாங்க, உங்க வீட்லயும் அதான் நடக்கும், நோட்டு இருந்தா நோட்டு பேசும்.

3. ரெண்டு வாரம் எல்லாம் காத்திருக்கக் கூடாத சமயம்

முட்டி திடீர்னு வீங்கி சூடா செவந்து போய் கூடவே காய்ச்சல் இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி, மூட்டுக்குள்ள சீழ் புடிச்சிருந்தா நாள் கணக்கு பாக்கக் கூடாது. விழுந்து அடிபட்டு கால ஊனவே முடியலன்னாலும் அன்னைக்கே. காரணம் இல்லாம எடை கொறஞ்சுனே வருது, ராத்திரி படுத்தாலும் விடாத வலின்னாலும் தள்ளிப் போடாதீங்க.

அவசரம் இல்லாட்டியும் வேற நோயா இருக்கலாம்னு யோசிக்க வைக்கிறது சிலது. காய்ச்சல் வந்து போய் அதுக்கப்புறம் மூட்டு மூட்டா வலின்னா சிக்குன்குனியா, 2006ல நம்ம பக்கம் எல்லாம் ஊரே நொண்டுனது ஞாபகம் இருக்கும், அந்த வலி மாசக்கணக்கா இழுக்கும். ராத்திரி படுக்கறப்ப நல்லா இருந்து விடியக்கால கால் கட்டைவிரல் வீங்கி தொடவே முடியலன்னா யூரிக் ஆசிட் விஷயம். ரெண்டு கையிலயும் விரல் அடிக்கணு, மணிக்கட்டு வீங்கி காலைல ரொம்ப நேரம் இறுக்கமா இருந்தா முடக்குவாதம். இதுக்கு எலும்பு டாக்டர விட ருமட்டாலஜி, அதாவது மூட்டுவாத டாக்டர்தான் சரி. விரல் நுனிக்கணுவுல கெட்டியா குமிழ் மாதிரி இருந்தா அது பெரும்பாலும் ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸோட அடையாளம். எங்க அம்மாவுக்கு அது பத்து வருஷமா இருக்கு, பீடி சுத்தி சுத்தி காய்ச்சுப் போச்சுன்னு நெனச்சுனு இருந்தோம்.

4. எங்க போறது

நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடாதீங்க. 45 வயசுக்கு மேல, நடந்தா வேலை செஞ்சா வலி, காலை இறுக்கமே இல்ல அல்லது அரை மணிக்குள்ள விடுது, இந்த மூணும் ஒத்து வந்து சந்தேகப்படுற மாதிரி வேற எதுவும் இல்லன்னா ஸ்கேனே இல்லாம இது ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ்னு டாக்டர் சொல்லலாம், வெளிநாட்டு மருத்துவ வழிகாட்டுதல்லயே அப்படித்தான் இருக்கு. அதனால உங்க ஊர் அரசு ஆஸ்பத்திரில எலும்பு டாக்டர் என்னைக்கு வராருன்னு கேட்டு அங்கயே ஆரம்பிங்க, ஓபி சீட்டுக்கு காசு இல்ல.

அங்க தீரலன்னா அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி, வேலூர்ல இருந்து திருவண்ணாமலை ரோட்ல. காலைல ஓபி சீட்டு வாங்கிடணும், 8 மணிக்கு முன்னாடி போயிடுங்க, பதினோரு மணிக்கு போனா சீட்டு கெடைச்சாலும் எக்ஸ்ரே எடுத்து திரும்ப டாக்டர பாக்குறதுக்குள்ள அன்னைக்கு முடிஞ்சிடும்.

சிஎம்சி, அதான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, அங்க போறதா இருந்தா முன்கூட்டியே ஆன்லைன்ல பதிஞ்சு அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டு போங்க. ஜெனரல், பிரைவேட்னு ரெண்டு விதம் இருக்கு, ஃபீஸ் வேற வேற. அப்பாயின்ட்மென்ட் தாள்ல எந்த வளாகம்னு பாத்துக்குங்க. வேலூர் டவுன் உள்ள இருக்கிறது ஒண்ணு, ரத்தினகிரி பக்கம் ஹைவேல 2022ல தொறந்த ராணிப்பேட்டை வளாகம் ஒண்ணு. முட்டி வலிக்காரங்கள தப்பான எடத்துல எறக்கிட்டு திரும்ப வண்டி புடிக்கிறது கொடுமை. டவுன் வளாகத்துக்கு ரயில்ல வர்றவங்க காட்பாடில எறங்கி பாகாயம் போற டவுன் பஸ் ஏறுனா போதும், சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. ஒரே கஷ்டம் அந்த பஸ் படி உசரம், வலிக்காத கால மேல வச்சு ஏற சொல்லுங்க, எறங்கறப்ப வலிக்கிற கால மொதல்ல கீழ வைக்க சொல்லுங்க.

5. எடுத்துனு போக வேண்டியது

ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை இருந்தா அதுவும், எல்லாத்துக்கும் ரெண்டு ஜெராக்ஸ். பழைய எக்ஸ்ரே ஃபிலிம், ரிப்போர்ட் மட்டும் பத்தாது ஃபிலிமே வேணும். சுகர், பிபி, ரத்தம் ஒறையாம இருக்கிற மாத்திரைன்னு என்ன சாப்பிட்டாலும் அட்டையோட ஒரு கவர்ல போட்டுக்குங்க. நாட்டு மருந்து, பேரே இல்லாத பொட்டல மாத்திரை சாப்பிட்டிருந்தா கூச்சப்படாம அதையும் எடுத்துனு போங்க. கிட்னி, அல்சர் தொந்தரவு இருந்தா அந்தச் சீட்டு. நம்ம ரெண்டு வார நோட்டு.

யாரும் சொல்லாத ஒண்ணு, துணி. லெக்கின்ஸ், டைட்டான சுடிதார் பேன்ட், ஜீன்ஸ் வேணாம், முட்டிக்கு மேல ஏத்த முடியாது, டாக்டர் துணி மேலயே தொட்டுப் பாத்துட்டு விட்டுடுவாரு. புடவை, லூசான பேன்ட், ஆம்பளைங்கன்னா வேட்டி லுங்கி. முட்டில கட்டியிருக்கிற மந்திரிச்ச கயிறு, தாயத்து, ஒட்டுற பிளாஸ்திரி எல்லாம் எக்ஸ்ரேவுக்கு முன்னாடி எடுக்க சொல்லுவாங்க. எங்க அம்மா கயிற எடுக்க மாட்டேன்னு பத்து நிமிஷம் சண்ட போட்டாங்க.

6. டாக்டர் ரூம்ல

நடக்க சொல்லிப் பாக்கணும், கால் வளைஞ்சிருக்கான்னு நிக்க வச்சுப் பாக்கணும், முட்டிய மடக்கி நீட்டி உள்ள கரகரன்னு வருதான்னு கை வச்சுப் பாக்கணும், மூட்டு இடுக்குல அழுத்திப் பாக்கணும், தண்ணி கோத்திருக்கான்னு பாக்கணும், இடுப்பையும் திருப்பிப் பாக்கணும். இடுப்பு எதுக்குன்னா, இடுப்பு மூட்டுல கோளாறு இருந்தா வலி முட்டில தெரியும், அப்படி வர்றவங்க நெறைய பேரு. எங்கள மொதல்ல பாத்த எடத்துல முட்டியத் தொடவே இல்ல, சேர்ல உக்கார வச்சு மூணு நிமிஷத்துல டெஸ்டு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. அப்படி ஆனா தயங்காம "சார் ஒருதரம் முட்டிய தொட்டுப் பாத்துடுங்க சார்"னு கேட்டுடுங்க, கோச்சுக்க மாட்டாங்க.

என்ன வேலைன்னு நீங்களே சொல்லுங்க. 'ஹவுஸ் வைஃப்'னு எழுதிட்டு போயிடுவாங்க, முப்பது வருஷம் மடியில முறத்த வச்சுனு கால மடக்கி ஒரே எடத்துல உக்காந்தது அந்த வார்த்தைக்குள்ள இல்ல.

7. எக்ஸ்ரே: நின்னுக்கிட்டு எடுக்கிறதுதான்

நாங்க மாட்டுனதுலயே பெரிய கண்ணி இதுதான். மொத எக்ஸ்ரே படுக்க வச்சு எடுத்தாங்க, 600 ரூபா, நார்மல்னு வந்துச்சு. நார்மல்னா எதுக்கு வலிக்குதுன்னு கேட்டதுக்கு எம்ஆர்ஐ எடுங்கன்னு அனுப்புனாங்க. ரெண்டு மாசம் கழிச்சு வேற டாக்டர், நிக்க வச்சு திரும்ப எடுக்க சொன்னாரு, அதே முட்டி, உள்பக்கம் எலும்புக்கு நடுவுல இருக்க வேண்டிய இடைவெளி பாதிதான் இருந்துச்சு. படுத்தா மூட்டு மேல சுமை இல்ல, இடைவெளி இருக்கிற மாதிரியே தெரியும். நின்னாத்தான் உடம்பு கனம் எறங்கி குருத்தெலும்பு எவ்ளோ மெலிஞ்சிருக்குன்னு காட்டும்.

அதனால சீட்டுல 'ரெண்டு முட்டி, நின்ன நிலை'ன்னு எழுதி இருக்கான்னு டாக்டர் ரூம விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே கேளுங்க. ஒத்த முட்டி மட்டும் வலிச்சாலும் ரெண்டும் எடுத்தா ஒப்பிட்டுப் பாக்கலாம். எக்ஸ்ரே ரூம்ல படுங்கன்னு சொன்னா சீட்ட காட்டுங்க. பக்கவாட்டுல ஒண்ணு எடுப்பாங்க அது படுத்தே எடுக்கலாம், முட்டிச் சிப்பிக்குன்னு தனியா ஒண்ணு சில சமயம் கேப்பாங்க.

8. ரத்த டெஸ்டு, எம்ஆர்ஐ

ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ்னு காட்டுறதுக்குன்னு ஒரு ரத்த டெஸ்டே இல்ல. ஈஎஸ்ஆர், சிஆர்பி, ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபி, யூரிக் ஆசிட் எல்லாம் வேற நோய் இல்லன்னு ஒதுக்குறதுக்கு. மூணாம் நம்பர்ல சொன்ன மாதிரி சந்தேகம் இருந்தா எடுக்கணும், இல்லன்னா 'ஆர்த்ரைட்டிஸ் பேக்கேஜ்'னு லேப்ல நீட்டுறத வாங்காதீங்க. நாங்க 2,800 குடுத்தோம். அதுல ஆர்ஏ ஃபேக்டர் லேசா கூட வந்து வீடே கலங்கிப் போச்சு, சித்தி வந்து அழுதுட்டு போனாங்க. வயசானவங்களுக்கு நோயே இல்லாமலும் அது கொஞ்சம் கூட காட்டும்னு அப்பால தெரிஞ்சுது. அந்த ஒரு டெஸ்ட வச்சு முடக்குவாதம்னு யாரும் முடிவு பண்ணக் கூடாது.

முட்டில தண்ணி கோத்து வீங்கியிருந்தா ஊசில எடுத்து லேபுக்கு அனுப்புவாங்க, அது கிருமியா, யூரிக் ஆசிட் உப்பான்னு பாக்க. அது தெண்டச் செலவு இல்ல, சொன்னா எடுத்துடுங்க.

எம்ஆர்ஐ பெரும்பாலும் வேணாம். முட்டி லாக் ஆவுது, அடிபட்டிருக்கு, எக்ஸ்ரேக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லன்னா டாக்டர் கேப்பாரு. அம்பது அறுபது வயசுக்காரங்க முட்டிய எம்ஆர்ஐல பாத்தா வலி இல்லாதவங்களுக்கே ஜவ்வு கிழிசல்னு ஏதாவது எழுதி வரும். எங்களுக்கும் வந்துச்சு. அந்த 7,500 ரூபா ரிப்போர்ட்ட கடைசி டாக்டர் ஒரு பார்வை பாத்துட்டு ஓரமா வச்சுட்டாரு.

9. ரிப்போர்ட்ட பாத்து பயந்துடாதீங்க

'ஆஸ்டியோஃபைட்'னு இருந்தா அந்த எலும்பு முள்ளு. 'ஜாயின்ட் ஸ்பேஸ்' கொறஞ்சிருக்குன்னா இடைவெளி சுருங்கியிருக்கு. 'ஸ்க்லீரோசிஸ்'னா குருத்தெலும்புக்கு அடியில எலும்பு கெட்டியாயிருக்கு. கெல்க்ரன் லாரன்ஸ் கிரேடுன்னு 0ல இருந்து 4 வரைக்கும் ஒரு நம்பர் போடுவாங்க, 2ல இருந்து ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ்னு எடுத்துப்பாங்க, 4ன்னா இடைவெளி கிட்டத்தட்ட இல்ல.

அந்த நம்பருக்கும் வலிக்கும் நேர் கணக்கு இல்ல. கிரேடு 3 வச்சுனு சோளிங்கர் மலை 1305 படி ஏறி எறங்குறவங்களும் இருப்பாங்க, கிரேடு 2ல வீட்டு வாசப்படி எறங்க முடியாதவங்களும் இருப்பாங்க. நம்பர மட்டும் காட்டி ஒடனே ஆபரேஷன்னு யாராவது சொன்னா, உடற்பயிற்சி, எடை, மாத்திரை எல்லாம் பாத்தாச்சா, அன்றாட வாழ்க்கை எவ்ளோ முடங்கியிருக்குன்னு கேட்டாங்களான்னு யோசிச்சு இன்னொரு டாக்டர்கிட்ட காட்டுங்க.

10. எங்க கணக்கு

டாக்டர் ஃபீஸ் மூணு தடவ 900, படுத்த எக்ஸ்ரே 600, ரத்த டெஸ்டு 2,800, எம்ஆர்ஐ 7,500, ஆட்டோ காரு 1,800, கடைசியா டாக்டர் 400, நின்ன எக்ஸ்ரே 700. மொத்தம் 14,700. உருப்படியா ஆனது கடைசி ரெண்டு, 1,100 ரூபா. கால்சியம் மாத்திரை இதுல சேரல, அது அம்மா சுருக்குப்பைல இருந்து போச்சு. இடத்துக்கு இடம் ரேட்டு மாறும், அரசு ஆஸ்பத்திரின்னா இதுவும் இருக்காது, நாள்தான் கூடும். ஒரு நாள் டாக்டர், எக்ஸ்ரே, அதே நாள் இல்லன்னா அடுத்த ஓபி நாள்ல முடிவு. அதுக்கு மேல இழுத்தா ஏன்னு கேளுங்க.

11. காப்பீட்டு அட்டைய இப்பவே எடுத்து வைங்க

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருந்தா கெடைக்கும், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். ஓபில டாக்டர பாக்குறதுக்கும் எக்ஸ்ரேவுக்கும் இது பெருசா உதவாது, பின்னாடி மூட்டு மாத்து ஆபரேஷன் வரைக்கும் போனா அப்ப உதவும். இ-சேவை மையத்துல வருமானச் சான்று போட 60 ரூபா, விஏஓ, ஆர்ஐன்னு சுத்தி வர நாள் ஆவும், அதான் இப்பவே போடுங்கன்றேன். அது கெடச்சதும் ரேஷன் கார்டு, ஆதாரோட சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற காப்பீட்டு மையம். ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரங்க 2019க்கு அப்புறம் தனி மாவட்டம், உங்க கலெக்டர் ஆபீஸ்தான், பழக்கத்துல வேலூருக்கு வந்து நிக்காதீங்க. ரேஷன் கார்டுல இருக்கிற பேரும் ஆதார்ல இருக்கிற பேரும் ஒத்துப் போவுதான்னு வீட்லயே பாத்துட்டு கெளம்புங்க, இனிஷியல் மாறி இருந்தாக்கூட திருப்பி அனுப்புவாங்க.

12. உறுதியானதும்

வலி மாத்திரைய மெடிக்கல்ல நீங்களா வாங்கி மாசக்கணக்கா போடாதீங்க, கிட்னியும் வயிறும் அடி வாங்கும், பிபி ஏறும். பேர் இல்லாத பொட்டல மருந்து மூணே நாள்ல அதிசயமா வலிய எடுக்குதுன்னா அதுல ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு இருக்கு, முகம் உப்பும், சுகர் எகிறும், தூரம் வைங்க.

பிசியோதெரபி எழுதிக் குடுத்தா 'சும்மா கால தூக்கி எறக்குறதுக்கா காசு'ன்னு விட்டுடாதீங்க, இந்த நோய்க்கு மொத வைத்தியமே தொடை சதைய வலுவாக்குறதுதான். வேலூர் போய் வர முடியலன்னா உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவம்ங்கிற அரசுத் திட்டத்துல பிசியோதெரபி குடுக்க வீட்டுக்கே வருவாங்களான்னு கேளுங்க. மொத நாள் சொல்லிக் குடுக்கிறப்ப அவங்ககிட்ட கேட்டுட்டு ஃபோன்ல வீடியோ எடுத்துக்குங்க. தாள்ல இருக்கிற படத்த பாத்து எங்க அம்மா பத்து நாள் தப்பான கால தூக்கினு இருந்தாங்க, வீடியோ போட்டுக் காட்டுனதும் "இன்னாடா இது, இந்தக் காலா"ன்னு அவங்களே சிரிச்சுட்டாங்க.